ஏற்கெனவே இருக்கிற பெயர்

ஒரு முறை வெளியே போன பெயரை இன்னொன்றுக்கு வைக்க மாட்டார். அவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். இந்தப் பிடிவாதத்துக்காக அவரோடு நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. எனக்குப் பொறுமை குறைவு, அவருக்கு அது மலையளவு இருந்தது. கடைசியில் எப்போதும் நான்தான் வாயை மூடிக்கொள்வேன்.

குன்னூரில் கடைவீதிக்குப் பின்னால், கீழே பேக்கரியும் மாடியில் நாங்களுமாக ஒரு சின்ன ஆபீஸ். எஸ்டேட் டிஸ்பென்சரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுப்பது எங்கள் தொழில். நர்ஸ் நோயாளியின் வயதையும் எடையையும் தட்டினால், எந்த மருந்து எவ்வளவு என்று கணக்குப் போட்டு, பாட்டிலில் ஒட்டுகிற சீட்டை அச்சடித்துக் கொடுக்கும். நிரல் எழுதுவது நான். எழுதியதைக் கட்டி அனுப்புவது அவர்.

கட்டுவது என்றால், அதற்குக் கன்டெய்னர் இமேஜ் என்று பெயர். கல்யாணச் சமையலுக்குப் போகிறவர் அடுப்பு, பாத்திரம், கரண்டி, உப்பு வரைக்கும் தானே எடுத்துக்கொண்டு போனால் அந்த வீட்டில் எதையும் தேட வேண்டியதில்லை அல்லவா, அப்படித்தான். என் நிரலையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, அதன்மேல் ஓர் எண்ணைப் போட்டு, எங்கள் ரெஜிஸ்ட்ரியில் ஏற்றுவார். ரெஜிஸ்ட்ரி எங்களுடைய சொந்தக் கிடங்கு. பூட்டிய கிடங்கு, வெளியார் யாரும் நுழைய முடியாது. குந்தாவிலும் நடுவட்டத்திலும் கோத்தகிரியிலும் இருக்கிற டிஸ்பென்சரிக் கம்ப்யூட்டர்கள் தினமும் அங்கே எட்டிப் பார்த்து, புது எண் வந்திருந்தால் இறக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் மலையில் இணையம் இருக்கிற லட்சணம் தெரியுமே, அதனால் ஒரு விதி வைத்திருந்தோம். கைவசம் இருக்கிற எண் என்றால் அதை மறுபடி இறக்கக் கூடாது.

அவர் ஏற்றும்போது பார்க்க வேண்டும். ஒல்லியான ஆள், முழங்கை தேய்ந்த சாம்பல் ஸ்வெட்டர், கழுத்தைச் சுற்றி மப்ளர். திரையில் வரிகள் ஓடி முடிந்ததும் பொட்டலத்துக்கான கைரேகை ஒன்று வரும். எழுத்தும் எண்ணுமாக நீளமான ஒரு சரம். இரண்டு பொட்டலங்களுக்கு ஒரே எண்ணைப் போட்டுவிடலாம், ரேகை மட்டும் ஒன்றாக வராது. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மாறிவிடும். அந்தச் சரத்தை ஜெபமாலை உருட்டுகிற மாதிரி உதடு மட்டும் அசைய முழுக்க வாசிப்பார். பிறகு மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் அதே பொட்டலத்தை இறக்கி, அங்கே வரும் ரேகையையும் வாசிப்பார். அதற்கப்புறம்தான் டீ.

ஒரு நாள் சீட்டில் "வேளை" என்ற சொல்லை யாரோ "வேலை" என்று அடித்திருந்ததைக் கவனித்தேன். ஓர் எழுத்து. ஐந்து மணி கோத்தகிரி பஸ்ஸை விட்டால் எனக்குச் சிரமம்.

"அதே நம்பர்லயே ஏத்திடுங்களேன், யார் பாக்கப் போறாங்க?" என்றேன்.

"அந்த நம்பர் ஏற்கெனவே போயிடுச்சுங்கக்கா."

"ஒரு எழுத்துக்கா புது நம்பரு?"

"உள்ள வேறன்னா, ஆளும் வேறதானுங்களே."

ஒரு பொட்டலத்தை ஆள் என்று சொன்னதற்கு நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. புது எண் போட்டு, ரேகை வாசித்து, மூலைக் கம்ப்யூட்டரில் இறக்கிப் பார்த்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

ஆபீசில் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் சர்க்கரை போடுவதற்கு முன் அதை வெந்நீரில் ஊறவைத்து, பழைய சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவார். எங்கள் முதலாளி நாய்ப்பிரியர். அவருடைய டைகரைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. அழுது தீர்த்துவிட்டு அடுத்த மாதமே ஒரு குட்டியைக் கொண்டுவந்து அதற்கும் டைகர் என்று பெயர் வைத்தார். நாங்கள் எல்லோரும் டைகர் டைகர் என்று பிஸ்கட் போட்டோம். இவர் மட்டும் கடைசிவரை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஏனுங்க, இங்க வாங்க," என்று நாயைக் கூப்பிடுவார். அதுவும் எங்களை விட்டுவிட்டு இவர் காலடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். "நாய்க்குக்கூட மரியாதை பாரு," என்று முதலாளி கிண்டல் செய்வார். நானும் சேர்ந்துகொள்வேன்.

இதெல்லாம் ஏன் என்று எனக்குத் தெரிந்தது ஒரு நவம்பரில். கல்லறைத் திருநாளன்று அவருடைய அம்மாவைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போக ஒரு கை வேண்டும், வர முடியுமா என்று கேட்டார். அப்பா இல்லை, வேறு கூடப்பிறந்தவர்களும் இல்லை. அம்மா கான்வென்ட் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி, தோட்டமோ சரிவு. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு இறங்கினோம். எங்கு பார்த்தாலும் புதுச் சுண்ணாம்பு வாசனையும் செவ்வந்தியும் மெழுகுவர்த்தியும்.

ஒரு சின்னக் கல்லறை. குழந்தைக்கானது என்று நீளத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சிலுவையில் கறுப்பு எழுத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தது. என்னோடு தினமும் உட்கார்ந்து வேலை செய்கிறவரின் பெயர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எங்க அக்காங்க," என்றார் அவர், சாதாரணமாக. "நான் பொறக்கறதுக்கு முன்னாடியே தவறிட்டாங்க. அடுத்து பொண்ணு பொறந்தா அதே பேருதான்னு அம்மா சொல்லிட்டாங்களாம். போனவளே திரும்பி வந்துட்டான்னு ஊட்டுல எல்லாருக்கும் சந்தோசம். அவங்க கவுனைத்தான் எனக்குப் போட்டு விட்டாங்க."

சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அவருடைய அம்மா குனிந்து சிலுவையைத் துடைத்தார், மெழுகுவர்த்தி ஏற்றினார், அப்புறம் அந்தப் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதார்.

குழாயடியிலிருந்து சத்தம் வந்தது. "தோ வந்துட்டேம்மா!"

வாளித் தண்ணீர் தளும்ப வேகமாக வந்து அம்மாவின் பின்னால் நின்றார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. சிலுவையைத் தடவிக்கொண்டு அதே பெயரை மறுபடியும் சொன்னார். இவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, பழகிய ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"சின்ன வயசுலிருந்தே இப்படித்தானுங்கக்கா. கூப்புடுறது யாரைன்னு தெரியாது. எதுக்கும் வந்து நின்னுக்குவேன்."

ஆறுதல் சொல்லத் தெரியாமல் சுண்ணாம்புத் தூரிகையை வாங்கிக்கொண்டேன். அன்றைக்குப் பிறகு எண் விஷயத்தில் நான் அவரோடு சண்டை போட்டதில்லை. அவர் பெயரை இங்கே எழுதாததும் அதனால்தான். எழுதினால் எந்தப் பெண்ணை எழுதுகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது.

அடுத்த ஆடி மழையில் அவருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இவர் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் நிரலில் ஒரு பெரிய பிழை தெரியவந்தது. குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து இரண்டு விதமாக வரும், சிரப் ஒன்று, சொட்டு மருந்து ஒன்று. சொட்டு மருந்து பல மடங்கு அடர்த்தி. போன மாதம் அனுப்பிய பதிப்பு இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, சொட்டு மருந்துக்கும் சிரப்பின் அளவையே சொல்லிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் சொல்கிற அளவை நம்ப வேண்டாம், கையால் கணக்குப் போடுங்கள் என்று உடனே எல்லா டிஸ்பென்சரிகளுக்கும் சொன்னோம். நான் பிழையைச் சரிசெய்து முதலாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பொட்டலத்தை முதலாளியே கட்டினார். புது எண் என்றால் எஸ்டேட் டாக்டரிடம் மறுபடி ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும், டாக்டரோ ஊரில் இல்லை. காத்திருக்க மனம் வராமல், போன மாத எண்ணையே போட்டு ஏற்றிவிட்டார். "சரியாகிவிட்டது, இனி கம்ப்யூட்டரையே பார்த்துக் கொடுக்கலாம்" என்று நர்ஸ்களுக்குச் செய்தியும் அனுப்பினார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. குழந்தைகள் விஷயம், சீக்கிரம் போகட்டும் என்றுதான் செய்தார்.

மறுநாள் காலை இவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஆபீசுக்கு வந்தார். சார்ஜரை எடுக்க வந்தவர், பழக்கதோஷத்தில் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து பார்த்தார். உதடு அசைந்தது, நின்றது.

"அக்கா, இந்த நம்பரு நான் போன மாசமே அனுப்புனதுங்க. இப்ப ரேகை வேறயா இருக்குது."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. டிஸ்பென்சரிக் கம்ப்யூட்டர்கள் கிடங்கை எட்டிப் பார்த்திருக்கும். அதே எண், ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறதே என்று திரும்பிப் போயிருக்கும். திருத்தியதை ஒன்றுகூட இறக்கியிருக்காது.

அவர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். ரேகையின் கடைசி நான்கு எழுத்தை மட்டும் வாசிக்கச் சொல்லி ஒவ்வோர் இடமாகக் கேட்டார். குந்தாவில் பழையது. கோத்தகிரியில் பழையது. நல்லவேளை, இரண்டு இடத்திலும் சொட்டு மருந்து யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. நடுவட்டத்தில் கேரளத்து நர்ஸ் எடுத்தார். வாசித்தார். பழையதுதான்.

"ஸ்கிரீன்ல காட்டற அளவை நம்பாதீங்க. நேத்து யாருக்காச்சும் சொட்டு மருந்து குடுத்தீங்களா?"

அந்தப் பக்கம் அழுகிற குரல் கேட்டது. "சேச்சி, மெசேஜ் வந்த பின்னாடி ஒரு கொச்சுக் குழந்தைக்குக் கொடுத்தேனே. பாட்டில வீட்டுக்குக் கொடுத்து விட்டேனே."

"அழாதீங்க. லயத்து வீட்டுக்கு ஓடுங்க. பாட்டில வாங்கிட்டு, புள்ளைய கூடலூருக்குக் கொண்டு போங்க. எஸ்டேட் ஜீப்ப எடுங்க. நாங்க வந்துட்டிருக்கோம்."

முதலாளியின் ஜீப்பில் மூன்று பேரும் கிளம்பினோம். ஊட்டி தாண்டியதும் மூடுபனி. விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தோம். பைக்காரா தாண்டிய பிறகு முதலாளியே தாங்க முடியாமல் ஆரம்பித்தார்.

"உள்ள இருக்கறதைச் சரியாத்தானே மாத்துனேன். பேரு மட்டும்தான அதே..."

"பேரு ஒண்ணா இருந்தா, இருக்கறதுதானேன்னு நெனச்சுக்குவாங்க சார். புதுசா வந்ததை யாரும் உள்ள விட மாட்டாங்க."

கோபமே இல்லாமல், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். முதலாளி அதை ரெஜிஸ்ட்ரியைப் பற்றிய பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டார். எனக்கு அந்தக் கல்லறைத் தோட்டமும் வாளியோடு நின்ற உருவமும் கண்முன் வந்தன.

கூடலூர் ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸ் லயத்துக்குப் போய்ச் சேரும் முன்பே வாந்தி எடுத்துத் துவண்டிருக்கிறது. நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள், மாற்று மருந்து போயிருக்கிறது, ஈரலை இரண்டு நாள் கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர். தாயார் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். ஸ்வெட்டர்மேல் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல் கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தார்.

"சீட்டுல போட்டிருந்த மாதிரித்தாங்க குடுத்தேன்," என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். "கூடக் குறையக் குடுக்கல்லங்க. சீட்டுல இருந்த மாதிரியே."

"நீங்க சரியாத்தாங்க குடுத்தீங்க. சீட்டுதான் தப்பு. எங்க தப்பு," என்றார் இவர். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தப் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் மெல்ல மெல்லச் சுரண்டிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் குழந்தை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டபோது பாட்டிலில் ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. குழந்தை பிழைத்தது. அதற்குப் பிறகும் ஒரு வாரம் அவர் தினமும் போன் போட்டு விசாரித்தார்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக, திருத்தியதைப் புது எண்ணில் ஏற்றினார். பிறகு ரெஜிஸ்ட்ரியில் ஒரு பூட்டையும் போட்டார். ஒரு முறை ஏற்றிய எண்ணின்மேல் இனி யாரும், அவரே நினைத்தாலும், வேறொன்றை ஏற்ற முடியாது. முதலாளி மறுபேச்சுப் பேசவில்லை. நாய்க்கு வேறு பெயர் வைக்கலாமா என்று மட்டும் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். அதற்கு இந்தப் பெயர் பழகிவிட்டது, இனிமேல் மாற்றினால் திண்டாடிப் போகும், விடுங்கள் என்றார் இவர்.

அவருடைய அம்மாவுக்கு எலும்பு கூடியது, ஆனால் நினைவு கலைய ஆரம்பித்தது. படுத்த படுக்கை. இவர் வீட்டிலிருந்தே வேலை செய்தார். நான் வாரத்தில் ஒரு நாள் மதியம் போவேன். போகிறபோதெல்லாம் அந்த வீட்டில் ஒரு பெயர் ஒலித்துக்கொண்டே இருக்கும். அம்மா கூப்பிடுவார், இவர் போய் நிற்பார். அம்மாவின் பார்வை இவருக்குப் பின்னால் வேறு யாரையோ தேடும். இவ்வளவு செய்கிற பெண்ணை ஒரு தடவையாவது முகம் பார்த்துக் கூப்பிட்டால் என்ன என்று எனக்கு அந்த அம்மாள்மீது கோபம்கூட வரும். படுத்திருக்கிறவர்மேல் கோபப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருக்கும். இவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நாள் குறைந்துகொண்டே வந்தது.

கடைசியாக நான் போன மதியம், சாதம் வடித்து இறக்கிவிட்டு, சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்து ஒரு பொட்டலத்தை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் தட்டு கழுவினேன். ஜன்னலோரக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"சின்னவளே."

இவர் திரும்பவில்லை. வேண்டுமென்று அல்ல. அப்படி அவரை யாரும் கூப்பிட்டதே இல்லை. சின்னவள் என்று ஒருத்தி இருந்தால் பெரியவள் வேறு ஒருத்தி என்று ஆகிவிடுமே. அந்த வீட்டில் அந்தச் சொல்லே புழங்கியதில்லை.

"ஏ சின்னவளே, உன்னத்தான். காது கேக்கலியா?"

இவர் எழுந்து நின்றார். அம்மா இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நேராக, முகத்தை.

"அக்கா இன்னும் வெளிய நின்னு வெளையாடுறா பாரு. மழ வர மாதிரி இருக்குது. சாப்புடக் கூப்புடு அவள."

இவர் கையை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டார். கதவைத் திறந்து வாசற்படியில் நின்றார். எதிரே மூடுபனி, அதற்குள் தேயிலைச் சரிவு. அங்கே பார்த்து, தன்னுடைய பெயரைத் தானே உரக்கக் கூப்பிட்டார். பிறகு இன்னொரு முறை. இந்தத் தடவை, "அக்கா" என்பதையும் சேர்த்து.

உள்ளே வந்து கட்டிலருகே மண்டியிட்டார்.

"வந்துட்டே இருக்காம்மா."

"அவ வருவா மெதுவா," என்றார் அம்மா. கையை நீட்டி இவர் கன்னத்தைத் தொட்டார். "நீ காத்துட்டு இருக்காத. நீ மொதல்ல சாப்புடு, சின்னவளே."